நத்தாருக்கு முதல் நாள் மரக்கறி

எங்கள் வீட்டில் நத்தார் மரக்கறி எல்லாம் முதல் நாளே சமைத்தாகிவிடும். இருபத்தி நாலாம் திகதி இரவு கோயிலுக்குப் பூசைக்குப் போய்த் திரும்பிப் படுக்கவே நேரமாகிவிடும். விடிந்ததும் தேயிலைத் தோட்டத்தின் மற்ற லய வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கேக் வெட்டுவதும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுமாகக் காலை போய்விடும். அன்றைக்கு அடுப்பில் வேகிறது சோறும் இறைச்சியும் மட்டும்தான். மற்றதை எல்லாம் முதல் நாளே செய்து மூடி, குசினிக்குப் பின்னால் இருக்கிற சாய்ப்பில் பலகை மேல் வைத்துவிடுவேன். நோர்வூட் பக்கத்து டிசம்பர் குளிரில் அது கெடாது. எங்கள் வீட்டுக்குப் பிரிஜ் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்பும் ஒரு நத்தாருக்கும் என் சட்டியில் எதுவும் புளித்துப்போனதில்லை.

எதை முதல் நாள் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது செய்து செய்து தெரிந்துகொண்டதுதான். தேங்காய்ப்பால் விட்ட கறி நிற்காது. போஞ்சியை முதல் நாள் சமைத்தால் மறுநாள் நிறம் செத்துப்போகும். முட்டைக்கோவாவில் ஒரு வாடை ஏறிவிடும். கரட் சம்பலைச் செய்த கையோடு சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுவிடும். ஆனால் கத்தரிக்காய் மோஜு முதல் நாள் செய்தால்தான் மோஜு. கத்தரிக்காயை நீளமாக அரிந்து மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து, அதோடு பொரித்த சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் சேர்த்து, அரைத்த கடுகு, வினாகிரி, சீனி போட்டுக் கிளறி மூடி வைக்க வேண்டும். ஓர் இரவு போனால்தான் புளிப்பும் இனிப்பும் காரமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். அச்சாறும் அப்படித்தான். பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக அவித்து ஆறவிட்டு, வட்டமாக அரிந்து வெங்காயமும் வினாகிரியும் போட்டு வைத்தால் மறுநாள் அதன் சாறே ஒரு கறி மாதிரி இருக்கும். லீக்ஸை முக்கால் பதத்தில் இறக்கி வைத்தால் அடுத்த நாள் ஒரு சூடு காட்டினால் போதும்.

இதெல்லாம் வேலை மிச்சத்துக்காக மட்டும் இல்லை. திடீரென்று வருகிறவர்களுக்குத்தான் இருக்கிறதை அரிந்து வதக்கிக் கொடுப்போம். வரப்போகிறார் என்று காத்திருக்கிற ஆளுக்கு முதல் நாளே செய்து வைப்போம். உங்களை நேற்றே நினைத்துவிட்டோம் என்று சொல்கிற மாதிரி அது. எனக்கு ஆட்களை வாயால் வரவேற்கத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. குழந்தைகளோடு நாள் முழுக்கப் பேசுவேன். பெரிய ஆட்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சட்டியில்தான் சொல்லி வைப்பேன்.

போன நத்தாருக்கு அப்படி ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என் சம்பந்திக்கு.

மகள் அந்த வருடம் வைகாசியில்தான் கல்யாணம் முடித்திருந்தாள். நாங்கள் கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீடு இந்து. மஸ்கெலியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். பிள்ளைகள் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். இரண்டு வீட்டிலும் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு ஹட்டனில் பதிவுக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வந்தார், கையெழுத்துப் போட்டார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்றார். அதற்குப் பிறகு இரண்டு தடவை எங்கள் வீட்டு வாசல் வரை வந்தார். கை நனைக்கவில்லை. ஒரு மிடறு தேத்தண்ணி கூட.

அதை நான் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். மகள் அங்கே இருக்கிறாளே. அந்த லயத்தில் அவளுக்கு 'வேதக்காரப் புள்ள' என்று பெயர். சம்பந்தியம்மா நல்ல மனுசி, மகளை ஏசியதில்லை. ஆனால் கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் அந்த வீட்டு அடுப்பில் மகள் ஒரு சட்டி ஏற்றவில்லை. காய் அரிவாள், தேங்காய் துருவுவாள், பாத்திரம் கழுவுவாள். சமைக்கிறது மாமியார். யாரும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. மாமனார் சாப்பிட மாட்டாரோ என்ற பயத்தில் அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை போனில் இதைச் சொல்லும்போது மகள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சம்பந்தி எங்கள் வீட்டில் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டால் போதும். தாய் கையால் சாப்பிட்டவர் மகள் கையை எப்படித் தள்ளுவார்? இதுதான் என் கணக்கு.

டிசம்பர் நடுவில் மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, இவருக்கு கொழும்புல கடையில லீவு குடுக்கலயாம். நத்தார் நேரம் துணிக்கடையில யாரும்மா லீவு குடுப்பா? மாமாவும் அத்தையுந்தான் என்னையக் கொண்டாந்து விடுறாங்க."

"சாப்புடுவாங்களா?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"மாமா மால போட்டிருக்காங்கம்மா. ஐயப்ப மால. புதுச்சட்டியில, கவிச்சி படாம ஆக்குனா சாப்புடலாம்னு அத்த சொன்னாங்க. மாமா ஒன்னுஞ் சொல்லல."

ஒன்றும் சொல்லாததே எனக்குப் பெரிய சம்மதமாகப் பட்டது. அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம், இந்த நத்தாருக்கு எங்கள் குசினியில் இறைச்சி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

"நத்தாருக்குக் கோழி இல்லையா?" என்றார் அவர், யாரோ செத்துப்போன செய்தி கேட்ட மாதிரி.

"தம்பி வீட்டுல ஆக்கச் சொல்லுங்க. அங்க போயி சாப்புடுங்க."

"வருசத்துக்கு ஒரு நாளு வாற பண்டிகையில, கோழிய ஒளிஞ்சி திங்கிற பொழப்பா போச்சு."

முணுமுணுத்தாரே தவிர ஹட்டனுக்குப் போய் ஆறு புது மண்சட்டியும் வாழை இலைக் கட்டும் வாங்கி வந்தது அவர்தான். நான் குசினியைக் கழுவி, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, கருவாட்டு டின், மாசி டின் எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றினேன்.

இருபத்தி நாலாம் திகதி விடிந்ததும் குளித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னக் காய்த்தோட்டம் உண்டு. லீக்ஸ், கரட், பீட்ரூட், இரண்டு வரிசை கோவா, கம்பு நட்ட போஞ்சி. மழை விட்டிருந்த நேரம் பார்த்துப் பிடுங்கினேன். லீக்ஸ் இலைக்குள் இருக்கிற மண் லேசில் போகாது. ஒவ்வொரு மடலாக விரித்து, மலையிலிருந்து வந்து கொட்டுகிற பீலித் தண்ணீரில் காட்ட வேண்டும். விரல் மரத்துப்போகும்.

என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி உதவிக்கு வந்தாள். வெங்காயம் உரித்தாள், கடுகு அரைத்தாள். வாய் ஓயவே இல்லை. நான் லீக்ஸ் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்து வெங்காயம் நிறம் மாறியதும் என் கை தானாக மேலே போய், ஏற்றி வைத்த மாசி டின்னைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் லீக்ஸ் என்றால் உலர்ந்த மாசி மீனை இடித்துப் போடாமல் யாரும் தாளிக்க மாட்டார்கள். மாசியை மீன் என்று நினைப்பதே இல்லை, அது உப்பு மாதிரி ஒரு சாமான்.

"அக்கா! அக்கா!" என்று அவள் கத்தினாள். "சாமி மலைக்குப் போறதுக்கு முன்னாடியே கடல்ல எறக்கப் பாக்குறீங்களே!"

டின்னை அவளிடமே கொடுத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயந்தரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மோஜு, அச்சாறு, பீட்ரூட், லீக்ஸ். மூன்று புதுச்சட்டியிலும் ஒரு புதுக் கண்ணாடிப் போத்தலிலும் போட்டு வெள்ளைத் துணி கட்டினேன். இரவு பூசையில் கூட எனக்கு அந்தப் பலகைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் அவர்கள் வந்தார்கள். நோர்வூட்டில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடிக்காமல் நடந்தே மேலே ஏறி வந்திருந்தார்கள். சம்பந்தி கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. காலில் செருப்பு இல்லை. தூறலில் சேறு கணுக்கால் வரை ஏறியிருந்தது. வாசலில் தண்ணீர் கேட்டு, கால் கழுவி, துடைத்துவிட்டு உள்ளே வந்தார். மூலையில் நாங்கள் கட்டியிருந்த பாலன் குடிலுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் குவித்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் "வாங்க சாமி, இருங்க சாமி" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை போட்டவரை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் புதுக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன்.

"விரதத்துல நான் தேத்தண்ணி குடிக்கிறது இல்ல" என்றார்.

"வீட்டுல மூணு வேளையும் குடிக்கிறாரே!" என்றார் சம்பந்தியம்மா.

"அது வீட்டுல."

கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மகள் என் பின்னாலேயே வந்து, "சோத்துக்கு உக்காருவாங்கம்மா, பயப்புடாதீங்க" என்றாள். அவள் மெலிந்திருந்தாள். அல்லது எனக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ.

உலையை ஏற்றினால் சோறு கொஞ்ச நேரத்தில் ஆகிவிடும். அதற்கு முன் இலையை விரித்து மரக்கறியை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாயில் இலை போட்டோம். சம்பந்தி உட்கார்ந்தார். நான் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கித் துணியை அவிழ்த்தேன். மோஜு கறுத்துப் பளபளவென்று இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்த மாதிரிதான் இருந்தது.

"இவ்வளவையும் எப்ப ஆக்குனது?"

கேள்வி எனக்குத்தான். பதில் சொன்னது என் வீட்டுக்காரர். "நேத்தே ஆக்கிட்டா சாமி! நீங்க வாறீங்கன்னு நேத்து விடிஞ்சதுலேருந்து அடுப்புக்கு முன்னாலதான் கெடந்தா."

சம்பந்தியம்மா வாயில் கையை வைத்தார். சம்பந்தி இலைக்கு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பழசு நான் சாப்புடக் கூடாதுங்க" என்றார். "மால போட்டா அன்னன்னைக்கி ஆக்குனதுதான்."

குரலில் கோபம் இல்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் 'பழசு' என்ற அந்தச் சொல் என் நெஞ்சில் வந்து விழுந்தது. பழசு என்று நாங்கள் சொல்வது மிஞ்சிக் கிடந்து காலையில் நாய்க்கு வைக்கிறதை. அந்த நாலும் மிஞ்சினவை இல்லை. அவருக்காகவே செய்தது, ஒரு கரண்டி கூட யாரும் எடுக்காதது.

மகள் அழுவது போல நின்றாள். "எனக்குத் தெரியாதும்மா. அங்க தெனமும் விடியக்குள்ளயே ஆக்கிருவாங்க. ராத்திரி மிச்சத்த மாமா தொட்டு நான் பாத்ததில்ல. அது விரதத்துக்குன்னு யாரும் சொல்லல."

யார் சொல்வார்கள்? அந்த வீட்டில் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. கிழக்கில் சூரியன் வரும் என்று யாராவது மருமகளுக்குச் சொல்லித் தருவார்களா? எங்கள் வீட்டில் விருந்து முதல் நாளே தயாராகும் என்பதும் அப்படித்தான். நான் அதை மகளிடம் கூடச் சொல்லியிருக்க மாட்டேன். புதுச்சட்டி, கவிச்சி, மாசி என்று மூன்றிலும் பார்த்துப் பார்த்துக் கவனமாக இருந்தேன். எதை மரியாதை என்று பெருமைப்பட்டேனோ அதுதான் குறுக்கே வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கடைக்கு ஓடப் பார்த்தார். சம்பந்தி, "பழம் இருந்தா ரெண்டு குடுங்க, போதும்" என்றார். சம்பந்தியம்மா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"எதுக்குப் பழம்? நத்தாரும் அதுவுமா வெறும் வயித்தோட போறதா? காய் இருக்குதானே. நானே ஒரு நிமிசத்துல ஆக்கிர்றேன். நான் ஆக்குனா அவரு சாப்புடுவாரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். சம்பந்தியின் பசியும் அதில் தீர்ந்திருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மகள் யாரும் சொல்லாமலே திரும்பினாள். சுவரோரம் இருந்த அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, கால் மடித்து உட்கார்ந்து, அரிவதற்குக் காய் எங்கே என்று பார்த்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்திருக்கிற இடம் அதுதான். என் குசினியிலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே ஆக்குறேன் சாமி" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கொஞ்சம் சத்தமாகவும் வந்துவிட்டது. யார் பேசியது என்று என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவே ஆக்குறேன். உங்க முன்னாலயே. அடுப்புல ஒரு வாரமா கவிச்சி இல்ல, கழுவி மெழுகியிருக்கேன். இன்னும் மூணு புதுச்சட்டி இருக்கு. காயெல்லாம் மண்ணுலதான் நிக்குது, புடுங்கணும்."

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சம்பந்தி என்னை அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"குளிச்சிட்டு ஆக்கணும்" என்றார்.

"காலையிலேயே குளிச்சிருப்பாங்கங்க" என்றார் சம்பந்தியம்மா. "இந்தக் குளிருல மறுபடியுமா? மனுசங்களப் போட்டு ஏன் இப்பிடி..."

"குளிக்கிறேன்" என்றேன். "சாமியும் தெனமும் ரெண்டு வேள பச்சத் தண்ணியிலதானே குளிக்கிறாங்க."

மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். நத்தார் உடுப்புப் போட்டுக்கொண்டு ஆட்கள் பாதையில் போய்வந்துகொண்டிருந்தார்கள். மேல் லயத்து அக்கா ஒருத்தி குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, நத்தாரன்னைக்கி ரெண்டாவது ஞானஸ்நானமா?" என்றாள். வேறு நாளென்றால் கூச்சத்தில் செத்திருப்பேன். அன்றைக்குத் தலையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். மலைத் தண்ணீர், உச்சியில் விழும்போது காது இரண்டும் அடைத்துக்கொண்டது. பல் கிட்டிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

வரும்போது பார்த்தால் பின்வாசல் படியில் ஒரு கட்டு லீக்ஸும் கரட்டும் மண் போகக் கழுவி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கோவா. போஞ்சிக் கொடியருகே சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, முற்றாததாகப் பார்த்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு மஸ்கெலியாவில் லீக்ஸ் போட்டு விற்கிறவர். பிறத்தியார் பாத்தியில் கூட அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

குசினிக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதித்து, அரிசி போட்டாகியிருந்தது. மகள் ஊதுகுழலோடு குனிந்திருந்தாள், கண் புகையில் சிவந்திருந்தது. நான் அவளைப் பார்த்தேன், பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்தேன்.

அவர் என் காதருகே வந்தார். "அவருதாங்க சொன்னாரு. 'அந்தம்மா குளிச்சிட்டு வாறதுக்குள்ள ஒலைய வச்சிரச் சொல்லு'ன்னாரு. நான் எந்திரிச்சேன். 'நீ இரு, அந்தப் புள்ள வைக்கட்டும், அதுதான் காலையிலயே குளிச்சிருச்சே'ன்னாரு."

ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அரிய உட்கார்ந்தேன்.

லீக்ஸைத் தவிர அன்றைக்கு நான் சமைத்ததெல்லாம் நத்தாருக்கு ஒருநாளும் செய்யாதவை. போஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட்டேன். கோவாவை மெல்லிசாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சுண்டினேன். கரட்டைத் துருவிப் பச்சை மிளகாயும் தேசிக்காயும் விட்டுச் சம்பல் போட்டேன். மறுநாளுக்கு நிற்காது என்று நான் தள்ளி வைக்கிற எல்லாம் அன்றைக்கு ஒன்றாக வந்தன. சம்பந்தி பின்வாசல் படியில் உட்கார்ந்து, நான் லீக்ஸ் அரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இன்னும் மண்ணு ஏத்தியிருக்கணும்" என்றார். "அப்பதான் வெள்ள நீளமா வரும்."

"ஏத்துனேன் சாமி. மழையில கரஞ்சிருச்சு."

"மேப்பக்கம் ஒரு கான் வெட்டி வுட்டா தண்ணி பாத்திக்குள்ள வராது."

"இவர்கிட்டதான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

"நான் நாளைக்கே வெட்டுறேன்!" என்று முன்னறையிலிருந்து என் வீட்டுக்காரர் சத்தம் கொடுத்தார். அவர் சட்டையில் கோழிக்கறி வாசம் லேசாக வந்தது. எப்போது தம்பி வீட்டுக்குப் போய் வந்தாரோ. சம்பந்தி மூக்கைச் சுளிக்காமல் மழையைப் பார்த்தார். அவர் தாடிக்குள் சிரித்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அரிந்துகொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. நேற்று செய்த நாலையும் நான் அவர் இல்லாதபோது, அவரை நினைத்துச் செய்தேன். அதில் எனக்கு வசதி இருந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை, பிழை வந்தால் மறைக்கலாம், துணி கட்டி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு அவர் பார்க்கப் பார்க்கச் செய்ய வேண்டியிருந்தது. உப்புப் போடுகிற கை கூட அவருக்குத் தெரிந்தது. விரதத்தில் சொல்கிற சுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முன்னால் இருக்கிற ஆளுக்கு, அவர் முன்னாலேயே சமைப்பதும் ஒரு மரியாதைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது கஷ்டமானது. அதற்காக முதல் நாள் சமைப்பது குறைந்த மரியாதை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

இலையை மாற்றிப் போட்டோம். அவர் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டார். சரண மந்திரமாக இருக்கும். எங்கள் குடிலில் ஏற்றியிருந்த சின்னப் பல்புகள் அவர் முதுகுக்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருந்தன. மகள் சோற்றுச் சட்டியோடு நின்றாள். போடலாமா, மாமியாரிடம் கொடுக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா வேண்டுமென்றே தன் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு அந்தக் கத்தரிக்காய வைங்க. நான் மால போடல. எனக்குப் பழசும் ஒன்னுதான் புதுசும் ஒன்னுதான்" என்றார். நான் மோஜுவை அள்ளி வைத்தேன். ஒரு வாய் எடுத்ததும், "அடி ஆத்தி, இத விட்டுட்டு இவரு பழம் திங்கப் பாத்தாரே" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன்னைய யாரு மால போட வேணாம்னது?" என்றார் சம்பந்தி. "பேசாமச் சாப்புடு."

மகள் குனிந்து அவர் இலையில் சோறு போட்டாள். நான் போஞ்சியும் லீக்ஸும் கோவாவும் கரட்டும் வைத்தேன். அவர் தண்ணீர் தெளித்து, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார். மழைச் சத்தம் மட்டும் தகரத்தில் கேட்டது. இத்தனை பேர் பார்க்கச் சாப்பிடுவது அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தலை நிமிரவே இல்லை. அவரும் என்னைப் போலத்தானோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

லீக்ஸ் முதலில் முடிந்தது. கரட் சம்பலில் ஒரு பச்சை மிளகாயை ஒதுக்கி வைத்தார். சோறு குறைந்து இலையின் பச்சை தெரிந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். இன்னும் போடட்டுமா என்று கேட்க வேண்டும், வாய் வரவில்லை. மறுபடியும் ஒட்டிக்கொண்டது. மகளும் சட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது.

சம்பந்தி விரல்களை இலையின் நடுவில் குவித்து, கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.

"சோறு யாரு ஆக்குனது, நீயா?" என்றார், நிமிராமலே.

"ஆமாங்க மாமா."

"கொழையாம இருக்கு" என்றார். பிறகு, "ஆயி, இன்னும் ஒரு கை போடு" என்றார்.

மகள் அள்ளிய கரண்டியில் பாதிச் சோறு பாயில் கொட்டியது. மீதிப் பாதி இலையில் விழுந்தது. அவர் அதைப் பிசையத் தொடங்கினார்.